எரிமலையும் எண்கணக்கும்

எரிமலை இன்ன நாளில் பொங்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கூறும் ஆற்றல் விஞ்ஞானத்திற்கு இன்னும் கைகூடவில்லை. ஆனால், பொங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை எண்ணால் மதிப்பிட இயலும். இது ஜோதிடம் அன்று. ஊரை விட்டு மக்களை அப்புறப்படுத்துவதா, பொறுத்திருப்பதா என்று முடிவு செய்யவேண்டியவர்களுக்கு உதவும் அளவுகோல்.

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்ற எரிமலை இருக்கிறது. 5,300 மீட்டர் உயரமுள்ள அதன் சிகரத்தில் பனி உறைந்து கிடக்கிறது. பனி உருகிச் சாம்பலோடு கலந்தால் சேற்று வெள்ளமாகிப் பள்ளத்தாக்குகளில் பாயும். 1595-இலும் 1845-இலும் அத்தகைய வெள்ளங்கள் பேரழிவை விளைவித்தன. பின்னர், 1845-ஆம் ஆண்டுச் சேறு படிந்து இறுகிய நிலத்தின்மீதே ஆர்மெரோ என்ற ஊர் எழுந்தது.

1595 முதல் 1985 வரையுள்ள 390 ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு வெள்ளங்கள் என்றால், சராசரி 195 ஆண்டுகளுக்கு ஒன்று. 195 ஆண்டு நிறைந்த பிறகே அடுத்தது வரும் என்பது இதன் பொருளன்று. தாயக்கட்டையில் பலமுறை தாயம் விழாததனால் அடுத்த உருட்டலில் அது விழுந்தே தீரும் என்று சொல்ல முடியுமா? விழாது என்றுதான் சொல்ல முடியுமா? இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் வகுத்த சூத்திரம் பயன்படுகிறது. அதன்படி, அவ்வூரில் 30 ஆண்டுகள் வாழும் ஒருவர் வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 14. ஏறத்தாழ ஏழில் ஒன்று! 195 ஆண்டுகள் கழிந்தாலும் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 63 தான்.

இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு உறுதியானதாகாது. மனிதர் எழுதிவைத்த குறிப்புகள் சில நூற்றாண்டுகளுக்கு மேல் செல்வதில்லை. நமது அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991-இல் மீண்டும் பொங்கியது. அமைதியை அழிவு என்று கொள்ளலாகாது. ஆகவே அறிஞர்கள் பழைய சாம்பல் அடுக்குகளைத் தோண்டி, அவற்றில் சிக்கிய கரியின் வயதைக் கணித்து, ஏடறியாத காலத்து வெடிப்புகளையும் கணக்கில் சேர்க்கின்றனர்.

மலையே அறிகுறி காட்டத் தொடங்கினால் மதிப்பீடும் மாறவேண்டும். ரூயிஸ் மலையில் 1984 நவம்பரில் நிலம் அதிரத் தொடங்கியது. 1985 செப்டம்பரில் நீராவியும் சாம்பலும் வெளிப்பட்டன. அக்டோபரில் வெளியான அபாய வரைபடம், ஆர்மெரோ சேற்று வெள்ளத்தின் பாதையில் இருப்பதைக் காட்டியது. எனினும் ஊர் காலி செய்யப்படவில்லை. நவம்பர் 13 இரவு மலை பொங்கியது. வெள்ளம் ஊரை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. மேட்டுநிலத்திற்கு ஏற அந்நேரம் போதும். ஆயினும் சுமார் 23,000 பேர் மாண்டனர். அறிஞர் கண்ட அபாயம் மக்களின் செவிக்கு ஆணையாகச் சென்று சேரவில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினாட்டுபோ மலையில் வேறு முடிவு ஏற்பட்டது. சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய அம்மலை 1991-இல் அதிர்ந்தபோது, அறிஞர்கள் சாத்தியக்கூறுகளைக் கிளைவிடும் மரம்போல் வரைந்தனர். பாறைக்குழம்பு மேலெழுமா? எழுந்தால் வெடிக்குமா? வெடித்தால் எவ்வளவு தொலைவு பாதிக்கும்? ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண் இட்டுப் பெருக்குவதே முறை. உதாரணமாக, பாதி, பாதி, ஐந்தில் ஒன்று என மூன்று வாய்ப்புகளைப் பெருக்கினால் இருபதில் ஒன்று கிடைக்கும். புதிய அறிகுறி தோன்றுந்தோறும் எண்களைத் திருத்தினர். பல்லாயிரம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். ஜூன் 15-இல் மலை பெருவெடிப்பாக வெடித்தது. சாம்பல் பாரத்தால் கூரைகள் சரிந்து பலர் இறந்தபோதிலும், ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர்.

வாய்ப்பின் அளவு வேறு. இழப்பின் அளவு வேறு. பாரன் தீவில் குடிமக்கள் இல்லை. ஆகவே அடிக்கடி பொங்கினாலும் சேதம் குறைவு. மக்கள் நெருங்கி வாழும் மலையடிவாரத்திலோ இருபதில் ஒன்று என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. இருபது முறை எச்சரித்து, பத்தொன்பது முறை ஒன்றும் நேராவிடினும் எச்சரித்தது பிழையாகாது. அந்த இருபதாவது முறைக்காகவே கணக்கு போடப்படுகிறது.