வாக்குச்சீட்டுக்கு முந்திய தேர்தல்

தேர்தல் நாளில் நமது கைக்கு வரும் வாக்குச்சீட்டில் யாருடைய பெயர்கள் இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்கா கண்ட விடையே முதனிலைத் தேர்தல். கட்சித் தலைவர்கள் கூடி வேட்பாளரைத் தெரிவு செய்வதற்குப் பதிலாக, வாக்காளரே முன்கூட்டி வாக்களித்துத் தெரிவு செய்வதே இம்முறை.

ஆனால், இதில் வாக்களிக்க யாருக்கு உரிமையுண்டு என்பது நீண்டகால விவாதமாகும். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியே அசைக்க முடியாத பலத்துடன் விளங்கியது. அதன் முதனிலைத் தேர்தலில் வென்றவரே பதவிக்கு வருவது உறுதி. அத்தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கத் தடை இருந்தது. ஆகவே, பொதுத் தேர்தலில் அவர்கள் இடும் வாக்குக்குப் பெறுமதி இருக்கவில்லை. 1944இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

இன்று புளோரிடாவில் நடைபெறுவது மூடிய முறை. கட்சியில் பதிவு செய்தவர்களே அக்கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யலாம். 'எமது வேட்பாளரை நாமே தெரிவோம்' என்பது கட்சியினரின் நியாயம். எக்கட்சியையும் சாராதவர்களோ வாசலுக்கு வெளியே நிற்கின்றனர்.

கலிபோர்னியா வேறு வழியை நாடியது. அங்கு எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில் போட்டியிடுவர், எல்லோரும் வாக்களிப்பர், முதலிரு இடங்களைப் பெறுவோர் இறுதித் தேர்தலுக்குச் செல்வர். எனினும், 2012இல் 31ஆவது காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நால்வரிடையே வாக்குகள் சிதறின. குடியரசுக் கட்சியினர் இருவர் முன்னேறினர். நவம்பரில் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை அளித்த அதே தொகுதி மக்களுக்கு, அவரது கட்சியைச் சேர்ந்த ஒருவரைக் காங்கிரசுக்கு அனுப்ப வழியிருக்கவில்லை.

அலாஸ்காவில் 2022 முதல் நால்வர் முன்னேறுகின்றனர். இறுதித் தேர்தலில் வாக்காளர் அவர்களை விருப்ப வரிசைப்படி இலக்கமிடலாம். இது நமக்குப் புதிதன்று. நமது ஜனாதிபதித் தேர்தலிலும் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024இல்தான் இரண்டாம் விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டன.

ஆயினும், நமது பாராளுமன்றத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலை இன்றும் கட்சிகளே தயாரிக்கின்றன. அப்பட்டியலில் உள்ளோருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாமே தவிர, பட்டியலில் இடம்பெறாத ஒருவரை நாம் அங்கு சேர்க்க முடியாது. எந்த முறையும் குறையற்றதன்று. ஆனால், வாக்குரிமை பெறப்போகும் மாணவியர், 'யாருக்கு வாக்களிப்பது?' என்பதோடு 'இப்பெயர்களைத் தெரிந்தவர் யார்?' என்றும் கேட்கப் பழக வேண்டும்.