பாறை தூரத்தில், தண்ணீர் காலடியில்

ஜன்னலைத் திறந்தால் பாறை கைக்கு எட்ட வேண்டும். விடுதி கட்டுகிறவர் யாருக்கும் இந்த ஆசைதான். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் நிற்கும் உலுரு பாறைக்கும் 1950களின் கடைசியில் அதுதான் நேர்ந்தது. அடிவாரத்தில் மோட்டல்கள், கூடாரம் அடிக்க இடம், பக்கத்திலேயே குட்டி விமானங்கள் இறங்கும் தரை. செம்மண்ணெல்லாம் வண்டித்தடமான பிறகு, எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துத் தள்ளிப்போக முடிவெடுத்தார்கள்.

அப்படி 1984-ல் பிறந்தது யுலாரா என்ற விடுதி ஊர். பாறையிலிருந்து சாலைவழி சுமார் 20 கிலோமீட்டர். 348 மீட்டர் உயரப் பாறையை அங்கே மணல்மேட்டில் ஏறித்தான் பார்க்க வேண்டும். விடுதிகளை மேடுகளின் மடிப்புக்குள் தாழ்வாக, வளைத்து வளைத்துக் கட்டி, சுவருக்கு மண்ணின் நிறமே பூசினார்கள். வெளியே தலைகாட்டுவது வெள்ளைத் துணிப்பாய்கள் மட்டும். கப்பற்பாய் போல இழுத்துக் கட்டியவை. துணி வெயிலை வாங்கிக்கொள்ள, கீழே முற்றம் நிழலில் கிடக்கும். கட்டடக்கலைப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. நானும் கொண்டாடுவேன், அந்தப் பாயடியில் நீச்சல்குளம் இல்லாமல் இருந்தால்.

ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நிலத்தடி நீரோ உவர்ப்பு. இறைத்து, உப்பு நீக்கித்தான் குழாயில் விடுகிறார்கள். குளியல், சலவை, குளம் எல்லாம் அதில்தான். நிழலுக்கு அத்தனை மூளை செலவழித்தவர்கள் தண்ணீர் விஷயத்தில் மண்ணுக்கு அடியில் கைவைத்துவிட்டார்கள்.

2019 அக்டோபர் 26-ல் பாறை ஏறுவது நிறுத்தப்பட்டது. நிலத்தின் சொந்தக்காரர்களான அனங்கு மக்கள் ஏறாதீர்கள் என்று பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாறை அவர்களுக்குப் புனிதம் என்பது பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு உறைத்தது வேறு: உச்சியில் கழிப்பறை கிடையாது. ஏறியவர்கள் அங்கே ஒதுங்கியதெல்லாம் மழைக்குக் கரைந்து அடிவாரச் சுனைகளுக்குத்தான் இறங்கியது.

அவற்றில் முட்டிஜுலு என்றொரு சுனை. பாறை மடிப்பில் நிழலாகக் கிடக்கும். மழை வந்தால் மேலிருந்து கறுப்புத் தடம் வழியே அருவி இறங்கும்; வராவிட்டால் வற்றும். சுற்றிலும் உள்ள உயிர்களுக்கு அதுதான் தண்ணீர்த்தொட்டி. அதை நிரப்ப மோட்டார் கிடையாது.