ஐந்தடுக்கு மரம், இரண்டு ரப்பர்

சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மட்டையில் ஒட்டும் ரப்பர், கூட்டமைப்பு அங்கீகரித்த பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். அந்த முத்திரை இல்லாத ரப்பரோடு சர்வதேசப் போட்டியில் இறங்க முடியாது. ஆனால் ரப்பருக்குள் மறைந்திருக்கும் மரப்பலகைக்கு, அதாவது ஆட்டக்காரர்கள் பிளேடு என்று சொல்வதற்கு, அப்படி எந்த முன் அனுமதியும் வேண்டாம். அளவு, வடிவம், எடை எதுவாகவும் இருக்கலாம். தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒருவர் ஒட்டி, அறுத்து, தேய்த்த பிளேடும் இந்த வரம்புக்குள் அடங்கினால் உலகப் போட்டிக்குப் போகலாம். ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மோரகார்ட் அறுகோண வடிவ மட்டையோடு 2021 ஹூஸ்டன் உலகப் போட்டியிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் வெள்ளி வென்றதும் இந்தச் சுதந்திரத்தால்தான்.

நம் கிளப்புகளில் மட்டை வாங்கும் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. முதலில் ரப்பர்: யூடியூபில் பார்த்தது, சீனியர் ஒட்டியிருப்பது, விலை கூடியது. பிறகு அதை ஒட்டுவதற்கு ஏதோ ஒரு பிளேடு. தினமும் ஆடுபவருக்கு ரப்பர் சில மாதங்களில் தேய்ந்துவிடும். பிளேடோ ஆண்டுக்கணக்கில் கையில் இருக்கும். கையும் காதும் பழகுவது அதற்குத்தான். ஆகவே மரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பந்தின் எடை 2.7 கிராம். அது மட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் ஒரு மில்லி வினாடி. அந்த நேரத்துக்குள் ரப்பர் அமுங்குகிறது, அதன் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் அமுங்குகிறது, பலகையும் பின்னோக்கி வளைகிறது. வளைந்த பலகை வினாடிக்கு ஆயிரம் முறைக்குச் சற்று மேல் அதிர்கிறது. ஒருமுறை போய்த் திரும்ப அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி ஆகும். பந்து தங்கும் நேரமும் பலகை திரும்பும் நேரமும் இப்படி நெருங்கி நிற்பதால்தான் மரத்தில் செய்யும் சின்ன மாற்றம்கூடக் கையில் தெரிகிறது. விறைப்பான பலகை பந்து கிளம்புவதற்குள் திரும்பி வந்து, வாங்கிய ஆற்றலைப் பந்துக்கே கொடுக்கிறது. நெகிழ்வான பலகை திரும்புவதற்குள் பந்து போய்விடுகிறது. மிஞ்சிய ஆற்றல் கைப்பிடிக்குள் அதிர்வாகத் தங்குகிறது. வேகம் குறைகிறது. ஆனால் ஆட்டக்காரர்கள் ஃபீலிங் என்று சொல்வது அந்த அதிர்வைத்தான். அடித்த பந்தை அதைக் கொண்டு திருத்த முடியாது, ஏனென்றால் செய்தி மூளைக்கு எட்டும்போது பந்து மட்டையை விட்டுப் போயிருக்கும். அது அடுத்த பந்துக்கான பாடம். கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவருக்கு வேகத்தைவிட அந்தப் பாடம்தான் முக்கியம்.

இப்போது ஒரு பிளேடை வடிவமைப்போம். ஆடப்போகிறவர் ஃபோர்ஹேண்டில் மேசையிலிருந்து ஓரடி பின்னே நின்று டாப்ஸ்பின் போடுபவர். பேக்ஹேண்டில் மேசையோடு ஒட்டி நின்று ப்ளாக் செய்பவர். எந்த ஊர் கிளப்பிலும் இப்படிப் பத்துப் பேர் இருப்பார்கள். இவருக்கு ஐந்தடுக்கு முழு மரம் போதும். நடுவில் 3.1 மி.மீ. அயூஸ், அதன் இருபுறமும் அதே மரம் 0.7 மி.மீ.; எல்லாவற்றுக்கும் மேலே இருபுறமும் 0.6 மி.மீ. லிம்பா. மொத்தம் 5.7 மி.மீ.

இந்த எண்களுக்குள் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு பலகையின் வளையா விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 5.7-ஐ 6.0 ஆக்கினால் தடிமன் ஐந்து சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 17 சதவீதம் கூடுகிறது. வெறும் 0.3 மி.மீ.! அடுக்குகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஐந்தும் ஒரே மரம், ஒரே திசை என்று வைத்துக் கணக்கிட்டால், தடிமனில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கும் நடுப்பலகை விறைப்பில் தருவது 16 சதவீதம் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள மேல்தோல்கள் இரண்டும் சேர்ந்து பாதியைத் தருகின்றன. நிஜத்தில் இரண்டாம் அடுக்கின் நாரை வழக்கமாகக் குறுக்கே போடுவார்கள். அது பலகை முறுக்கிக்கொள்ளாமலும் பிளக்காமலும் காக்கிறது. நீளவாக்கு விறைப்புக்கு அதன் உதவி குறைவு. ஆகவே மேல்தோலின் பங்கு இன்னும் கூடும். வளையும் பலகையில் இழுவிசையும் அமுக்குவிசையும் வெளிப்பரப்பில்தான் உச்சத்தில் இருக்கும், நடுக்கோட்டில் ஏறக்குறைய இல்லை. நடுப்பலகையின் வேலை, மேல்தோல்கள் இரண்டையும் விலக்கி வைத்திருப்பது. அதையும் எடை கூட்டாமல் செய்வது.

அதனால்தான் நடுவில் எடை குறைந்த மரம். அயூஸ் மேற்கு ஆப்பிரிக்க மரம். கன சென்டிமீட்டருக்கு 0.4 கிராமை ஒட்டி இருக்கும். கிழக்காசியாவின் கிரி சுமார் 0.28 கிராம். நடுப்பலகையை அயூஸிலிருந்து கிரிக்கு மாற்றினாலே மட்டையின் தலைப்பகுதியில் ஆறு கிராமுக்குக் குறையாமல் மிச்சமாகும். மேல்தோலுக்கு லிம்பாவும் கோட்டோவும் பழகிய தேர்வுகள், இரண்டும் ஆப்பிரிக்க மரங்கள். கோட்டோ கடினம், மெல்லத் தொட்டாலே பந்து வெடுக்கென்று கிளம்பும். லிம்பா சற்று மிருது, பந்தைக் கொஞ்சம் பிடித்து அனுப்பும். டாப்ஸ்பின் பழகுகிறவருக்கு லிம்பா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜப்பானின் ஹினோகி தனிக்கதை: பத்து மி.மீ. அளவு தடித்த ஒரே பலகை, அடுக்கே இல்லை. பேனா பிடிப்பில் ஆடிய ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது.

கணக்காக எழுதியதைப் பலகையாக்குவது தச்சு வேலை. வெனீர் தாள்களுக்குப் பசை தடவி, இரண்டு தட்டையான கனத்த பலகைகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி, நன்றாகக் காயும்வரை தொடக்கூடாது. தண்ணீர் கலந்த பசை மெல்லிய வெனீரை உப்ப வைக்கும். ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் தடவினால், காய்ந்தபின் பலகை அப்பளம்போல் ஒருபக்கம் வளைந்துவிடும். அடுக்குகள் நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே மரம், ஒரே தடிமன், ஒரே நார்த்திசையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்தக் கண்டிப்பு இன்னும் அவசியம். அறுத்தபின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது ஐந்து கோடுகளும் ஒவ்வொரு நிறத்தில் தெளிந்து வரும். பசை பிடிக்காத இடம் இருந்தால் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

கார்பன் வேண்டாமா என்று கேட்பார்கள். விதி அனுமதிக்கிறது: ஒட்டும் அடுக்குக்குள் நார் வலை வைக்கலாம், அது மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம், 0.35 மி.மீ. இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். 1993 முதல் புகழோடு இருக்கும் விஸ்காரியா பிளேடில் அரிலேட்–கார்பன் வலை மேல்தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. மெல்லத் தொட்டாலும் அது பதில் சொல்லும். அதே வலையை நடுப்பலகையை ஒட்டி வைத்தால் மெல்லிய தொடுதலில் பிளேடு மரம் போலவே நடந்துகொள்ளும். ஓங்கி அடிக்கும்போது மட்டும் கார்பன் விழித்துக்கொள்ளும். டாப்ஸ்பின் கையில் உட்காராத பையனுக்குக் கார்பன் மட்டை வாங்கித் தருவது அவனுடைய கற்றலைத் தாமதப்படுத்தும் என்றே நினைக்கிறேன்.

மரம் ஆலையில் வார்த்த பொருள் இல்லை. ஒரே பெயர், ஒரே அச்சு உள்ள இரண்டு பிளேடுகள் எடையில் ஐந்து, ஆறு கிராம் மாறுபடுவது சாதாரணம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலவற்றை எடை போட்டு, விரல் முட்டியால் தட்டிக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். சுருதி கூடினால் விறைப்பு அதிகம். கைபேசியில் ஒலியின் அலைவெண் காட்டும் செயலி இருந்தால் அதை எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம். பாரிஸில் 2024 ஜூலை 30 அன்று கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற சில நிமிடங்களில், சீனாவின் வாங் ச்சூச்சினின் மட்டை புகைப்படக்காரர்களின் நெரிசலில் உடைந்தது. மறுநாள் மாற்று மட்டையோடு ஒற்றையரில் இறங்கிய அவர், மோரகார்டிடம் 2–4 என்று தோற்றார். தோல்விக்கு மட்டைதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் நெஞ்சு ஒருகணம் கனத்திருக்கும்.

இனி ரப்பர். அதன் கதை திரும்பியது நம் நாட்டில்தான். 1952-இல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தது. அதுவரை பெரும்பாலோர் ஆடியது குமிழ் ரப்பர் மட்டையில். பந்து பட்டால் டொக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எதிராளி வேகத்தைக் கணிப்பார். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். சத்தமே இல்லை. பந்து எப்போது கிளம்பியது, எவ்வளவு சுழல்கிறது என்று புரியாமல் பெரிய பெயர்களெல்லாம் தடுமாறினார்கள். ஒற்றையர் பட்டம் அவருக்குப் போனது. கூட்டமைப்பு 1959-இல் வெறும் ஸ்பாஞ்சைத் தடைசெய்து, ஸ்பாஞ்சின் மேல் ரப்பர் மூடிய கூட்டு வகையைப் பசையோடு சேர்த்து 4 மி.மீ. தடிமன்வரை அனுமதித்தது. அந்த வரம்பு இன்றும் நிற்கிறது.

அந்த 4 மி.மீட்டருக்குள்தான் எல்லாத் தேர்வும். பெட்டியில் போட்டிருக்கும் 1.8, 2.0, 2.1 என்ற எண்கள் ஸ்பாஞ்சின் தடிமன் மட்டுமே. தடித்த ஸ்பாஞ்ச் வேகமான அடியை ஆழமாக வாங்கித் திருப்பித் தரும். மெல்லியதில் பந்து சீக்கிரமே மரத்தை எட்டிவிடும், ஆகவே கட்டுப்பாடு கூடும். ஸ்பாஞ்சின் கடினத்தைக் குறிக்கும் எண்ணை நம்பி மட்டும் ஏமாறக்கூடாது: சீனத் தயாரிப்பின் 40-ம் ஜெர்மன் தயாரிப்பின் 40-ம் ஒரே அளவுகோல் அல்ல, சீனத்து 40 கையில் இன்னும் கெட்டியாகத் தெரியும். சீன ரப்பர்களின் மேல்தாள் பிசுபிசுப்பானது. முழு வேகத்தில் கை வீசத் தெரிந்தவருக்கே அது சுழலை அள்ளித் தரும். ஐரோப்பிய, ஜப்பானிய வகைகளில் தயாரிக்கும்போதே உள்ளிழுப்பு, அதாவது ரப்பருக்குள்ளேயே ஒரு இழுவிசை, ஏற்றிவிடுகிறார்கள். பாதி வீச்சுக்கே பந்து பாயும். ஒருகாலத்தில் அந்தப் பாய்ச்சலுக்காக ஆட்டத்துக்குச் சற்று முன் ஆவியாகும் கரைப்பான் கலந்த பசையைத் தடவி ஸ்பாஞ்சை உப்ப வைத்தார்கள். உடல்நலக் கேடு கருதி 2008-இல் அது தடையானது. அதன் பிறகே உள்ளிழுப்பு ரப்பர்கள் சந்தையை ஆண்டன.

பேக்ஹேண்டுக்கு வேறு பாதையும் உண்டு. நீள பிம்பிள்ஸ் பந்தைப் பற்றிக்கொள்ளாது. குமிழ்கள் சாய்ந்து வழிவிடும். வந்த டாப்ஸ்பின் தன் சுற்றுத்திசையை மாற்றிக்கொள்ளாமலே திரும்பிப் போகும். பயணத் திசை மாறிவிட்டதால் எதிராளிக்கு அது பேக்ஸ்பின். மனிகா பத்ரா 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அரையிறுதியில் சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெயை வீழ்த்தி, பின்னர் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவர் பேக்ஹேண்டில் இருந்தது இதுதான். ஆட்டத்தின் நடுவே மட்டையைக் கைக்குள் சுழற்றிப் பக்கம் மாற்றும் ஆட்டக்காரர்களிடம் எதிராளி ஏமாறாமல் இருக்கத்தான் இரு பக்கமும் இரு நிறம் என்ற விதி. ஒருபக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் நெடுங்காலம் சிவப்பு மட்டும், 2021 அக்டோபரிலிருந்து பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதாவும் உண்டு.

நம் ஆட்டக்காரருக்கு நீள பிம்பிள்ஸ் வேண்டாம். அவர் ப்ளாக்கில் பந்தைத் தானே திசைதிருப்ப விரும்புபவர். ஃபோர்ஹேண்டில் 2.1 மி.மீ., நடுத்தரக் கெட்டி, உள்ளிழுப்பு ரப்பர்; அறுத்தபின் 48 கிராம் வரும். பேக்ஹேண்டில் 1.8 மி.மீ., மிருதுவான ஸ்பாஞ்ச், 42 கிராம். பிளேடு 86 கிராம். பசையும் ஓர நாடாவும் சேர்த்து 180-ஐ ஒட்டி நிற்கும். இரண்டு மணி நேரம் ஆடியபின் மணிக்கட்டு கனத்தால் பேக்ஹேண்ட் ரப்பரை இன்னும் இலேசானதாக மாற்றட்டும். பந்து மேசைக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தால் ஃபோர்ஹேண்டில் 1.9 போட்டுப் பார்க்கட்டும். ஒரு பருவம் முழுக்க ஆடி முடிக்கும்வரை மரத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.