பெயர் வெட்டிய பாத்திரங்கள்

சனி, ஞாயிறு என இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் குடும்பத்தோடு எங்கே செல்லலாம் என்ற கேள்வி பல இல்லங்களில் எழுவதுண்டு. புதுக்கோட்டைச் சீமைக்கு வருவோர்க்குச் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் இருக்கின்றன. அவற்றோடு பழம்பொருள் கடைகளைப் பார்த்து வருவதும் இப்போது ஒரு வழக்கமாகியுள்ளது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே சென்றால் காரைக்குடி. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரின் முனீஸ்வரன் கோவில் தெருவில் இத்தகைய கடைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வேடிக்கை பார்க்கவும் விலை கேட்கவும் இனிய இடம்தான். ஆயினும் பழம்பொருளை வாங்குகிறவர் விலையோடு மற்றொன்றையும் கேட்கவேண்டும். இது யார் வீட்டுப் பொருள்? எவ்வாறு இங்கு வந்தது?

கடையில் காண்பவை

வாசலிலேயே பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் வரவேற்கும். உள்ளே தூக்குவாளி, கூஜா, வெற்றிலைப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, முறுக்கு உரல், படி, மரக்கால், கல்சட்டி, பல்லாங்குழி, மரப்பாச்சி ஆகியவை குவிந்திருக்கும். அரக்குப் பூசிய மரவைகளும் உண்டு. சுவரில் சாவி கொடுக்கும் கடிகாரங்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் தொங்கும். அடுக்கடுக்காகப் பீங்கான் பூச்சுப் பாத்திரங்கள். அவற்றின் அடியைத் திருப்பிப் பார்த்தால் சுவீடன், செக்கோஸ்லோவாகியா போன்ற நாடுகளின் முத்திரைகளைக் காணலாம். ரவிவர்மாவின் ஓவியங்கள் அச்சுப் படங்களாகச் சட்டமிட்டுக் கிடக்கும். அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம்தான் அப்படங்களை எளியவர் வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது.

அவை வந்த வழி

இத்தனைப் பொருள்கள் ஒரு சிற்றூர்ப் பகுதியில் சேர்ந்ததற்கும், பின்னர் வீடுகளைவிட்டு வெளியேறியதற்கும் காரணம் ஒன்றே. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஊர்கள் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ளன. அரிமளம், ராயவரம், கடியாபட்டி, குழிபிறை, ராங்கியம், நச்சாந்துபட்டி, கோனாப்பட்டு முதலிய ஊர்கள் புதுக்கோட்டைப் பக்கத்தவை. இவர்கள் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்தினர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்ப இயலாதோரின் நிலங்கள் இவர்களிடம் வந்தன. அதனால் அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் இவர்கள் கையில் இருந்தது. அவ்வாறு ஈட்டிய பொருள் பர்மாத் தேக்குத் தூண்களாகவும், ஐரோப்பியக் கண்ணாடிகளாகவும், அறை நிறைந்த பாத்திரங்களாகவும் ஊர் வந்து சேர்ந்தது.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. பலர் அனைத்தையும் விட்டு ஊர் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருவாய் நின்றது, வீடுகளோ பெரியவையாகவே நின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்களும் சென்னையிலும் அயல்நாடுகளிலும் வாழ்பவர்கள். ஓடு மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் யார் செலவிடுவது என்ற நிலையில் சில வீடுகள் பிரிக்கப்பட்டன. தூண் ஓரிடம், கதவு ஓரிடம், பாத்திரம் ஓரிடம் என அவை பிரிந்து சென்றன.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. ஒருபுறம் இவ்வாறு உலகம் மதிக்க, மறுபுறம் வீடுகள் கழன்று போவது வருந்தத்தக்கதன்றோ?

பாத்திரத்தில் பெயர்

நம் நாட்டில் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. நகரத்தார் திருமணங்களில் பெண்ணுக்குத் தரும் சாமான்களை எல்லாரும் காணும்படி பரப்பி வைப்பர். அவற்றில் குடும்பத்தின் விலாசம், அதாவது முன்னோரின் பெயர்களைக் குறிக்கும் தலைப்பெழுத்துகள், வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கடையில் ஒரு செம்பை எடுத்துக் கழுத்தைத் தடவினால் அவ்வெழுத்துகள் விரலில் தட்டுப்படும். ஒரு தாய் தன் மகளுக்காகச் சேர்த்த பொருள் அது. உரியவர் மனமொப்பி விற்றிருந்தால் வாங்குவதில் குற்றமில்லை. உருக்கப்படுவதைவிட மற்றொரு வீட்டில் பயன்படுவது நன்று. திருட்டுப் பொருளாயிருப்பின் கதையே வேறு. நேர்மையான வணிகர் பொருளின் ஊரையும் வந்த வழியையும் தயங்காமல் சொல்வார், ரசீதும் தருவார். மழுப்பினால் பொருளை வைத்துவிட்டு வருவதே அறிவுடைமை.

முதலில் கண்ணுக்குப் பயிற்சி

கடைக்குப் போகுமுன் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று வருவது நல்லது. உண்மையான பழம்பொருள்களைப் பார்த்துப் பழகிய கண் எளிதில் ஏமாறாது. சமஸ்தானத்தின் அம்மன் காசை எடுத்துக்கொள்வோம். இச்சிறு செப்புக் காசின் ஒருபக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்னும் சொல். 1889 முதல் இதை இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சிட்டு வரவழைத்தனர். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இக்காசும் வழங்கப்பட்டது. இவ்வரலாறு தெரிந்தவருக்கு அச்சிறு காசும் ஒரு நூலாகும்.

போலிகளும் உண்டு. புதுப் பித்தளையை அமிலத்தால் கறுக்கச் செய்து பழையதென விற்பர். உண்மையான பழம்பாத்திரம் கைபடும் இடங்களில் தேய்ந்திருக்கும். பிடியும் விளிம்பும் வழவழப்பாயிருக்க, இடுக்குகள் மட்டும் கறுத்திருக்கும். போலியில் எங்கும் ஒரே கறுப்பு. பழைய அச்சுப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். இக்கால நகலில் அவை வரிசையாக அமைந்திருக்கும். வாங்கிய பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பதானால் உள்ளே ஈயம் பூசிய பின்னரே சமைக்கவேண்டும்.

சட்டம் கூறுவது

1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த சிலை, ஓவியம், நாணயம் போன்றவை தொல்பொருள்களாம். மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். இவற்றை விற்பவர் உரிமம் பெற்றிருக்கவேண்டும். சிலை போன்ற குறிப்பிட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்யவேண்டும். தனியார் எவரும் தொல்பொருளை அயல்நாட்டுக்கு அனுப்புதல் ஆகாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து செல்லும் உறவினர்க்குப் பரிசு கொடுப்போர் இதை மறத்தல் வேண்டா. யானைத் தந்த வணிகமோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

சட்டத்தின் காரணத்தை இரு நிகழ்ச்சிகள் விளக்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலில் திருடப்பட்ட நடராசர் சிலையை, பொய்யான உரிமைப் பத்திரங்களை நம்பி, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. உண்மை வெளிப்பட்டு 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய கலைக்கூடமே ஏமாந்ததெனின் நாம் எம்மாத்திரம்? மற்றொன்று, 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு. அதன் படி ஒன்று 2005-இல் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்திலிருந்து காணாமற் போயிற்று. அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைத் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் 2022-இல் கண்டறிந்தனர்.

ஆலயப் பொருள்கள்

இத்தகைய கடைகளில் சிலுவை, சுரூபம், மெழுகுதிரித் தண்டு, சில வேளை பூசைப் பாத்திரமும் கண்ணில் படக்கூடும். பங்குகளில் பீடம் மாற்றும்போதும் கோவிலைப் புதுப்பிக்கும்போதும் பழையவை கவனிப்பாரின்றி வெளியேறுவதுண்டு. அருளிக்கங்களை விற்பது முற்றிலும் தவறு என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. அர்ச்சிக்கப்பட்ட பொருள்கள் தனியார் கையில் இருந்தாலும் பிற காரியங்களுக்குப் பயன்படுத்தலாகாது என்றும் அது விதிக்கிறது. ஆகவே அத்தகைய பொருளைக் காண நேர்ந்தால் வரவேற்பறை அலங்காரமாக வாங்கிவராமல் பங்குக் குருவிடம் தெரிவிப்பதே முறை. பழைய கோவில்களை உடைய பங்குகள் தம் பொருள்களைப் படமெடுத்து, அளவு குறித்து, பதிவேட்டில் எழுதி வைத்தல் நலம். பதிவில்லாத பொருள் தொலைந்தால் அதை நம்முடையதென மெய்ப்பிப்பது அரிது.

ஐயமின்றி வாங்கத் தக்கவை

கலைப்பொருள் ஒன்றேனும் வாங்கி வர விரும்புவோர்க்கு, இன்றும் உழைக்கும் கைகளின் படைப்புகள் உள்ளன. பனை ஓலையில் பெண்கள் பின்னும் கொட்டான், ஆத்தங்குடியில் கண்ணாடி மீது வண்ணம் வார்த்துச் செய்யும் தரைக் கற்கள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை ஆகியன அத்தகையவை. இவற்றுக்குத் தரும் பணம் நேரே ஒரு தொழிலாளியின் அடுப்பை எரியச் செய்கிறது. இவை வந்த வழியைப் பற்றி ஐயமும் இல்லை.

நம் வீட்டுப் பரண்

பிறர் வீட்டுச் செம்பைத் தேடிப் பயணம் போகும் நாம், நம் வீட்டுப் பரணில் இருப்பதை எடைக்குப் போட்டுவிடுகிறோம். பாட்டியின் சீர்ப் பானை பழைய பித்தளை விலைக்குப் போய், புதிய எவர்சில்வர் அடுக்காகத் திரும்பி வருகிறது. விற்பது சில வேளை தேவையாகலாம். வறுமைக்கு முன் பாத்திரம் பெரிதன்று. ஆனால் விற்குமுன் அதன் வரலாற்றையாவது காத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. ஒரு குறிப்பேடு போதும். வீட்டில் உள்ள பழைய பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கி, அது யார் திருமணத்துக்கு வந்தது, எந்த ஊரில் வாங்கியது, அதில் வெட்டிய எழுத்துகள் யாரைக் குறிப்பவை என்று பெரியவர்களைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். தாத்தாவும் பாட்டியும் நினைவோடு இருக்கும்போதே இது நடக்கவேண்டும். அவர்களுக்குப் பின் அவ்வெழுத்துகளை வாசிக்க ஆள் கிடைக்கமாட்டார்.