ஓடியவனா குற்றவாளி?

சமோவாவின் ரக்பி வீரர்கள் பணத்துக்காகத் தாய்நாட்டைத் துறந்து ஓடுகிறார்களாம்! பழிக்கிறார்கள் சிலர். ஓடாமல் என்ன செய்வார்கள் என்று கேட்கிறோம் நாம்.

1995-இல் ரக்பி யூனியன் ஆட்டத்தில் சம்பளத்துக்கு இருந்த தடை நீங்கியது. பிரான்சும் இங்கிலாந்தும் ஜப்பானும் பணப்பையைக் காட்டி அழைத்தன. தீவின் பிள்ளைகள் போனார்கள்.

2017 நவம்பரில் லண்டன் ட்விக்கனம் திடலில் இங்கிலாந்தும் சமோவாவும் மோதின. ஒரே ஆட்டம், ஒரே வியர்வை. கூலியோ? இங்கிலாந்து வீரனுக்குச் சுமார் 22,000 பவுன்; சமோவா வீரனுக்கு 650 பவுன் என்றன செய்திகள்! நுழைவுச்சீட்டு வசூல் முழுவதும் திடலுக்குரிய நாட்டுக்கே. அது விதியாம்!

அநீதி கண்டு, தம் கூலியில் ஒரு பங்கைத் தர முன்வந்தவர்கள் எதிரணித் தோழர்களே. உழைப்பவன் நெஞ்சம் உழைப்பவனுக்குத் தெரியும்.

தோழர்களே, போனவனைத் தூற்றாதீர்! வசூலில் சமபங்கு கொடுக்கட்டும்; வீரன் வீட்டிலேயே இருப்பான்.