650 மீட்டருக்குள் நிற்க வேண்டும்: எல்லை மலைகளில் சிறு விமானங்களின் பாதுகாப்பு

புது தில்லி: தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலையேறினால் வண்டிப்பெரியாறு. அதற்கு அப்பால், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலை முகட்டில் உள்ளது சத்திரம். தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) விமானப் பிரிவுக்காகக் கேரளப் பொதுப்பணித் துறை அங்கு ஓர் ஓடுபாதையை அமைத்தது. அதன் நீளம் 650 மீட்டர்.

2022 டிசம்பர் 1-ஆம் தேதி, 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' என்ற இரண்டு இருக்கை மைக்ரோலைட் விமானம் முதன்முறையாக அங்கு தரையிறங்கியது. அதே ஆண்டில் அதற்கு முன் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் தோல்வியடைந்திருந்தன. ஓடுபாதை அருகே இருந்த மண்மேடு இறங்கும் வழியை மறித்ததே காரணம். ஜூலை மாத மழையில் ஓடுபாதையின் ஒரு பக்கம் சரிந்தும் போனது. வனத்துறையின் எதிர்ப்பு வேறு.

மாணவர்களுக்குப் பயிற்சி, பேரிடர் காலத்தில் மீட்பு என இரண்டு நோக்கங்கள் இந்த ஓடுபாதைக்குச் சொல்லப்பட்டன. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் பலியாயினர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். எனவே எல்லை மலைகளில் சிறு விமானம் பறப்பது சிலரின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. அந்த விமானம் எப்படி நிற்கும், பழுதானால் எப்படி இறங்கும், அதை யார் சோதிப்பார்கள் என்பவை அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

பிரேக்கின் கணக்கு

அரை டன்னுக்கும் குறைவான எடைகொண்ட விமானத்துக்குப் பிரேக் எதற்கு என்று தோன்றலாம். சமவெளியில், ஒன்றரை கிலோ மீட்டர் ஓடுபாதையில் அந்த எண்ணத்துக்கு ஓரளவு இடமுண்டு. மலையில் இல்லை.

ஓடும் விமானத்தை நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுவதற்குப் பதிலாக 90 கி.மீ. வேகத்தில் தொட்டால், பிரேக் தாங்க வேண்டிய சுமை 65 சதவீதம் அதிகம். மலையில் காற்றின் அடர்த்தியும் குறைவு. 3,000 அடி உயரத்தில் விமானத்தின் உண்மையான வேகம் மானியில் தெரிவதைவிட ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதலாக இருக்கும். நிறுத்தத் தேவையான ஆற்றல் 10 சதவீதம் கூடும். மழையில் நனைந்த பாதை என்றால் டயரின் பிடிப்பும் குறையும்.

வீட்டில் விமானம் கட்டும் பலர் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் பிரேக்குகளை நாடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் மோட்டார் சைக்கிளின் முழு எடையும் எப்போதும் சக்கரத்தின் மீதே இருக்கிறது. விமானத்தில் அப்படி இல்லை. தரையைத் தொட்ட முதல் சில விநாடிகளில் எடையின் பெரும்பகுதியை இறக்கைகளே சுமக்கின்றன. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் உருளாமல் இறுகி வழுக்கும். வால் பக்கம் சக்கரம் உள்ள விமானம் மூக்கு குப்புறக் கவிழும் அபாயமும் உண்டு.

பக்கக் காற்று அடிக்கும்போது இடது, வலது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடிக்க முடிந்தால் விமானத்தை நேராக வைத்திருப்பது எளிது. ஒரே லிவரில் இரண்டையும் இழுக்கும் அமைப்பில் அந்த வசதி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் எல்லைப் பகுதியில் இது சிறிய வேறுபாடு அல்ல. காற்றுக்கு மாநில எல்லை தெரியாது. 2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் கிளம்பிய வெப்பக் காற்று பலூன் ஒன்று, பாலக்காடு மாவட்டம் கன்னிமாரியில் ஒரு வயலில் இறங்க நேர்ந்தது.

விமானத்துக்கே பாராசூட்

பிரேக் தரையில் உதவும். வானில் இறக்கை முறிந்தாலோ, கட்டுப்பாடு இழந்தாலோ கடைசி நம்பிக்கை, விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட். விமானி கைப்பிடியை இழுத்ததும் சிறிய ராக்கெட் ஒன்று அதை வெளியே இழுத்து விரிக்கிறது. 1975-ல் அமெரிக்காவில் ஹேங் கிளைடர் முறிந்து ஏரியில் விழுந்து உயிர் தப்பிய போரிஸ் போபோவ், 1980-ல் இதற்கென நிறுவனம் தொடங்கினார். 1983-ல் அந்தப் பாராசூட் முதல் உயிரைக் காத்தது. இன்று ஜெர்மனியில் அல்ட்ராலைட் விமானங்களுக்கு இத்தகைய மீட்புச் சாதனம் கட்டாயம். அமெரிக்காவில், 115 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றை இருக்கை அல்ட்ராலைட்டின் எடைக் கணக்கில் பாதுகாப்புச் சாதனம் சேர்க்கப்படுவதில்லை. எடை வரம்புக்குப் பயந்து எவரும் பாராசூட்டைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

எனினும் பாராசூட் விரியப் போதிய உயரம் வேண்டும். 2020 பிப்ரவரி 24-ஆம் தேதி பாட்டியாலாவில் என்.சி.சி.யின் வைரஸ் விமானம் மேலெழும்பிய சிறிது நேரத்தில் விழுந்ததில், விமானப்படை குரூப் கேப்டன் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்ற மாணவர் காயமடைந்தார். தொழிற்சாலையில் தயாராகி, ராணுவ ஒழுங்குடன் பராமரிக்கப்படும் விமானத்துக்கே இதுதான் நிலை.

தொடுபுழாவின் சாதனை

இடுக்கி மாவட்டம் தொடுபுழா அருகே தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே கேட்கும், பேசும் திறன் இல்லாதவர். பள்ளிப் படிப்பை ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர். ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்ததில் பிறந்த ஆசை அவரை விடவில்லை. முதலில் கட்டிய விமானம் பறக்கவில்லை. அடுத்ததற்கு ஐந்து ஆண்டுகளும் சுமார் 14 லட்சம் ரூபாயும் செலவாயின. 2014-ல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில், ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதை ஓட்டிக் காட்டினார். 2017-ல் வெளியான 'விமானம்' என்ற மலையாளப் படம் இவரது வாழ்க்கையைத் தழுவியது.

பாராட்டுகள் குவிந்தன. ஆனால் அவரைப் போன்ற ஒருவர் கிராமத்தில் விமானம் கட்டும்போது, கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பிரேக்கையும் எரிபொருள் குழாயையும் இருக்கைப் பட்டையையும் சோதித்து, 'இது சரி, இது தவறு' என்று சொல்ல அரசிடம் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். சோதனை ஓட்டத்துக்கு முன்வரும் ஓர் அனுபவசாலியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைப்பது முறையாகாது.

ஆலப்புழையைச் சேர்ந்தவரும் முன்னாள் எம்.எல்.ஏ. தாமராக்ஷனின் மகனுமான அசோக், பிரிட்டனில் நான்கு இருக்கை 'ஸ்லிங்' விமானத்தைத் தாமே கட்டி, 2022-ல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார். அங்கு வீட்டில் கட்டப்படும் விமானங்களைக் கட்டம் கட்டமாகச் சோதிக்க, இலகுரக விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் உள்ளனர். கட்டுபவருக்கு அது தடையல்ல, துணை.

இங்கு நடந்தது வேறு. மும்பையில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே 2017-ல் பதிவு எண் பெற்றார். அன்றைய மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர பட்நவீஸ் தலையிட வேண்டியிருந்தது. பிரதமர், முதல்வர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு விமானத்துக்கு 'வி.டி.-என்.எம்.டி.' என்று பெயரிட்டார் அவர். முதல்வரை அணுக முடியாதவர்கள் எங்கே போவது?

சட்டத்தில் இடம் உண்டு

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாகப் 'பாரதிய வாயுயான் விதேயக்' 2024 ஆகஸ்டில் மக்களவையிலும், டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2025 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயர் இந்தியில் இருப்பதைத் தமிழக, கேரள எம்.பி.க்கள் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் கண்டித்தனர். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெயர்ச் சர்ச்சைக்கு நடுவே கவனிக்கப்படாத ஓர் அம்சம், விமானத்தின் வடிவமைப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மத்திய அரசுக்கு வெளிப்படையாகத் தரப்பட்டிருப்பது.

அந்த அதிகாரத்தைப் பெரிய நிறுவனங்களுக்காக மட்டும் பயன்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் கட்டப்படும் சிறு விமானங்களுக்கெனத் தனி விதிப் பிரிவு, மாநிலந்தோறும் பதிவு பெற்ற ஆய்வாளர்கள், ஓடுபாதையின் நீளத்துக்கேற்ற பிரேக் சோதனை, மீட்புப் பாராசூட்டுக்கு வரிச் சலுகை ஆகியவற்றை விதிகள் மூலமே கொண்டுவர முடியும். பல லட்சம் ரூபாய் செலவழித்து விமானம் கட்டும் தனிநபருக்கு, இறக்குமதிப் பாராசூட்டின் விலை எளிதில் எட்டக்கூடியதல்ல.

கண்டுகொள்ளாமல் விடுவதும், முற்றாகத் தடுப்பதும் அதிகாரிகளுக்கு எளிது. இரண்டிலும் ஆபத்து அப்படியே இருக்கும். மறைவிடத்துக்குச் செல்வது விமானம் மட்டுமே. சத்திரம் ஓடுபாதையில் நாளை பயிற்சிக்கு ஏறப்போவது 20 வயதுகூட நிரம்பாத மாணவர்கள். எல்லையின் இருபுறமும் உள்ள எம்.பி.க்கள் மொழியால் வேறுபட்டாலும், இந்த ஒரு கோரிக்கையை அவையில் சேர்ந்தே எழுப்பலாம்.