யானைக்கு எவ்வளவு மருந்து?

காட்டு யானையைத் தராசில் ஏற்றி நிறுப்பார் இல்லை. எடை தெரியாமல் மயக்க ஊசி எய்வதோ பேராபத்து. ஆகவே கானுயிர் மருத்துவர் கணக்கைத் துணைக்கொள்கிறார். ஆசிய யானையின் முன்னங்கால் அடிச்சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் கிடைக்கும். சுற்றளவு 120 சென்டிமீட்டராயின் உயரம் சுமார் 240. உயரத்தையும் உடற்கட்டையும் கொண்டு எடையை மதிப்பிடுவர். தோட்டங்களுள் புகும் யானைகளை மயக்கிக் காட்டிற்கு இடம் மாற்றும் பணி தீபகற்ப மலேசியாவில் 1974 முதல் நடைபெறுகிறது. அத்தகைய பணிக்கு எடை மதிப்பீடு இன்றியமையாதது.

எடை தெரிந்தபின் எஞ்சுவது நேர்விகிதக் கணக்குத்தானே என்று தோன்றும். அஃது எத்துணைப் பிழை என்பதை 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர மிருகக்காட்சிசாலையில் நடந்தது காட்டும். யானைக்கு மதம் பிடிப்பதை ஆராய விரும்பிய சிலர், டஸ்கோ என்ற ஆண் யானைக்கு எல்.எஸ்.டி. என்னும் மருந்தைச் செலுத்தினர். பூனை முதலிய சிறு விலங்குகளுக்குரிய அளவை எடைக்கேற்பப் பெருக்கியதில் வந்தது 297 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் யானை சாய்ந்தது. 1 மணி 40 நிமிடத்தில் மாண்டது. காப்பாற்றுவதற்காகப் பிறகு கொடுத்த மருந்துகளும் சாவுக்குக் காரணமாகலாம் என்பாரும் உளர். ஆயினும் பெருக்கிய முறை பிழையே.

பெரிய விலங்கின் உடல், கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால், சிறிய விலங்கைவிடக் குறைந்த ஆற்றலையே செலவிடுகிறது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேகமும் பெரும்பாலும் அவ்வாறே தணியும். மாக்ஸ் கிளைபர் 1932இல் கண்டவாறு, ஆற்றற்செலவு எடையின் முக்கால் அடுக்கை ஒட்டிப் பெருகும். 300 கிராம் விலங்கினும் 3,000 கிலோ யானை 10,000 மடங்கு கனமானது. 10,000இன் வர்க்கமூலம் 100. அதன் வர்க்கமூலம் 10. பத்தின் கனம் 1,000. ஆகப் பெருக்க வேண்டியது 1,000 மடங்கே. நேர்விகிதத்தை நம்பினால் மருந்து பத்து மடங்கு மிகுந்துவிடும். மேல்வகுப்பு மாணவரும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

கிளைபர் விதியும் முற்றும் நம்பத்தக்கதன்று. மானுக்கும் யானைக்கும் பயன்படும் ஸைலஸின் என்ற மயக்க மருந்தில், குதிரைக்கு வேண்டிய அளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். எடை ஒத்திருந்தும் இனத்துக்கு இனம் இவ்வளவு வேறுபாடு! எனவே அவ்வவ் விலங்கினத்தில் முன்பு கண்ட அளவுகளையே மருத்துவர் முதலில் நாடுவார்.

ஊசி பட்டபின்னும் எண்ணிக்கை நிற்பதில்லை. யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பது. மயங்கி மார்பின்மேல் விழுந்து கிடந்தால் மூச்சுத் திணறும். உடனே அதனை ஒருக்களித்துச் சாய்த்து, துதிக்கை நுனியில் கைவைத்து, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டே இருப்பர்.